ஐந்து பிள்ளைக்காம்பரா, ஒரே எலி

மூடியைத் திறந்ததுதான் தாமதம், தர்ஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றடி பின்னால் போய்விட்டான்.

டின்னில் இருந்ததன் பெயர் பால்மா. நிறம் மஞ்சளும் இல்லை, பழுப்பும் இல்லை. காறிப்போன எண்ணெயையும் ஈரச் சாக்கையும் ஒன்றாகப் போட்டு மூடி வைத்த நாற்றம். வினோதா கரண்டிக் காம்பால் ஒரு கட்டியை உடைத்தாள். உள்ளே வெள்ளையாக இரண்டு நெளிந்தன. ஒன்று நிதானமாகத் தலையைத் தூக்கி, யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்த்தது.

"மிஸ், இது பால்மா டின்னா, லயத்து வீடா? உள்ளுக்குக் குடும்பமே இருக்கு."

"வாயை மூடு தர்ஷன். ஒம்பது புள்ளைங்க குடிச்சது இதத்தான்."

தர்ஷன் வாயை மூடினான். அவன் வாய் மூடுவது வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிற காரியம்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே ஏறிப் போகும் அந்தத் தோட்டத்துக்கு ஐந்து டிவிசன்கள். டிவிசனுக்கு ஒரு பிள்ளைக்காம்பரா. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே ஆயம்மாவிடம் விட்டுப் போவார்கள். மேமலை டிவிசனில் போன வியாழக்கிழமை மூன்று மணிப் பால் குடித்த ஒன்பது குழந்தைகளும் பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தன. ஏழு பிழைத்து வீடு வந்துவிட்டன. இரண்டு இன்னும் ஆஸ்பத்திரியில்.

பழி முழுவதும் மேமலை ஆயம்மா அம்மாக்கண்ணுவின் தலையில் விழுந்தது. பாத்திரம் கழுவவில்லை, பால்மாவை மூடி வைக்கவில்லை என்று தோட்டத்து நலன்புரி அதிகாரி மதுரன் எழுதிக் கொடுத்துவிட்டான். இன்று இரண்டு மணிக்குத் தோட்டத்து மனேஜர் துரையின் ஆபிஸில் விசாரணை. வேலை போகும்; அதன் பின்னால் பொலிஸ் வரும். கொழும்பில் கார்மென்ட்ஸில் இருக்கும் ஆயம்மாவின் மகள் பிரியந்தி போனில் அழுததால்தான் வினோதா வந்திருக்கிறாள். ஹட்டனில் பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தவள், இப்போது தலவாக்கலையில் ஒரு தையல் கடைக்கு மேலே சொந்தத் துப்பறியும் ஆபிஸ் வைத்திருந்தாள். அவளுக்கு டிரைவர், கிளாக்கர், தேத்தண்ணி ஊற்றுகிற ஆள் எல்லாம் தர்ஷன் ஒருவனே. ஆட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது.

"பால்மா ஒட்டின பையில, பக்கெட்டாத்தானே வரும்? டின்னுல எப்படி?" வினோதா கேட்டாள்.

அம்மாக்கண்ணு சுவரோரம் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். பத்தொன்பது வருஷம் பிள்ளை தூக்கிய இடுப்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"முன்னுக்கெல்லாம் பக்கெட்டுதான் மிஸ். ரெண்டு மாசமா மதுரன் தம்பி டின்னுல கொட்டித்தான் குடுக்குறாரு. பிளாஸ்டிக் குப்பை சேரக்கூடாதாம். மணக்குதே தம்பின்னு கேட்டேன். புதுக் கம்பெனிப் பால், அப்படித்தான் இருக்கும்னாரு."

"நீங்க அதை நம்பிட்டீங்க?"

"அவரு படிச்சவரு." அவள் குரல் இறங்கியது. "நல்லாக் கொதிக்க வச்சேன் மிஸ். கொதிச்சாச் சரியாப் போகும்னு நெனைச்சேன். என் கையாலதான் குடுத்தேன். கெடக்குற ரெண்டும் என் மடியில தூங்குற புள்ளைங்க. லயத்துல என்னய வெஷம் வச்சவன்னு சொல்றாங்க. பீலியில நான் தண்ணி புடிச்சா கழுவிட்டுத்தான் அடுத்தவ புடிக்கிறா."

தர்ஷன் டின்னை மூடினான்.

மதுரன் ஆபிஸில் அவர்களை எழுந்து நின்று வரவேற்றான். இருபத்தெட்டு வயது, வழித்து வாரிய தலை, வாசனைத் தைலம். தைலத்தைத் தாண்டி அந்த டின் நாற்றம் தன் மூக்கில் இன்னும் இருப்பது தர்ஷனுக்குத் தெரிந்தது.

"நான் வாய்ப்பேச்சு பேசுற ஆள் இல்ல மிஸ். என்கிட்ட டேட்டா இருக்கு." மதுரன் ஐந்து தாள்களை எடுத்து நீட்டினான். "சனிக்கிழமையில தலவாக்கலைக்குப் புரோகிராமிங் கிளாஸ் போறேன். இந்தத் தோட்டத்துல முதல்முதலா ஸ்டோரை கம்பியூட்டருக்குக் கொண்டுவந்தது நான்தான். தோட்டம் ஒரு பெரிய லிஸ்ட். அதுக்குள்ள அஞ்சு காம்பராவுக்கு அஞ்சு லிஸ்ட். ஒவ்வொண்ணுக்குள்ளயும் சாமான் லிஸ்ட். லிஸ்டுக்குள்ள லிஸ்ட்."

"வெங்காயம் மாதிரிங்களா சார்?" தர்ஷன் பவ்யமாகக் கேட்டான்.

"அப்படியும் சொல்லலாம்."

"அப்போ உரிக்கிறவங்க அழ வேண்டி வருமே."

மதுரன் சிரிக்கவில்லை. வினோதா முதல் தாளைப் பார்த்தாள். மேமலை: பால்மா இருபத்துநாலு பக்கெட், காலாவதிக்கு இன்னும் பத்து மாதம். சீனி பத்துக் கிலோ. பன்னிரண்டாம் திகதி எலி கடித்த பக்கெட் ஒன்று, ஆயா மூடி வைக்கவில்லை.

"அஞ்சு காம்பராவையும் எப்படிப் பதியுறீங்க?"

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆயாக்கள் போன்ல சொல்லுவாங்க. தனித்தனியா, ஒவ்வொண்ணா நானே போடுவேன். டேட்டா பொய் சொல்லாது மிஸ்."

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் வினோதா மற்ற நாலு தாள்களையும் படித்தாள். துரை முதல் தாளோடு நிறுத்தியிருப்பார். பெரிய மனிதர்கள் எல்லாருமே முதல் தாள் ஆட்கள்தான். வினோதா படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் தர்ஷனிடம் நீட்டினாள்.

கீழ்மலை: பால்மா இருபத்துநாலு. பன்னிரண்டாம் திகதி எலி கடித்தது ஒன்று. ஆயா மூடி வைக்கவில்லை. அடுத்த டிவிசன், அதே இருபத்துநாலு, அதே பன்னிரண்டு, அதே எலி. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"மிஸ், மேமலைக்கும் கீழ்மலைக்கும் நடுவுல மட்டும் ஏழு கிலோமீற்றர். ஒரே நாளுல அஞ்சு காம்பராவுக்கும் போய் ஆளுக்கொரு பக்கெட் கடிச்சிருக்கு. இந்த எலி நம்ம ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்திருந்தா நானே ஹயர் போயிருப்பேன்."

"சிரிக்கிற விஷயம்தான். ஆனா இதை வச்சு அவனைப் புடிக்க முடியாது. கை தவறி கொப்பி பண்ணிட்டேன்னு சொல்லிட்டுப் போயிருவான். கொப்பியடிக்கிறது குற்றமா? இந்தத் தோட்டத்துக்குப் பால்மா குடுக்குற கடை எது?"

கடை தலவாக்கலை மெயின் வீதியில் இருந்தது. முதலாளி இஸ்ஸதீன். தர்ஷன் பின்பக்க அறையில் எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான், மறுபடி அதே நாற்றம் முகத்தில் வந்து அறைந்தது. மூலையில் பெட்டி பெட்டியாகப் பால்மா பக்கெட்டுகள். சில வீங்கியிருந்தன, சில எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தன. எல்லாம் திகதி முடிந்தவை. கீழ்ப் பெட்டியில் கரப்பான்கள் குடித்தனம் நடத்தின.

"கேஸ் முடிஞ்சிச்சு மிஸ்," என்றான் அவன். "கள்ளன் கல்லாவுல உக்காந்திருக்கான்."

"யாருடா கள்ளன்?" இஸ்ஸதீனின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "முப்பது வருஷமா யாவாரம் பண்றேன். திகதி போன சாமானை ஒருத்தருக்கு வித்திருப்பேனா? அதெல்லாம் கழிச்சு ஒதுக்கி வச்சீக்குறது. மதுரன் தம்பி மாசா மாசம் வந்து ஏத்திட்டுப் போவாரு. புதுச் சாமானும் எடுப்பாரு, இதையும் எடுப்பாரு."

"இதை எதுக்கு எடுக்குறாருன்னு கேட்டீங்களா?" வினோதா கேட்டாள்.

முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் சங்கடம்.

"பண்டிப் பண்ணைக்குன்னாரு. தோட்டத்துல பண்டி வளக்குறாங்களாம், அதுங்களுக்குத் தீனியாம். பண்டின்னு செல்லிட்டாரு. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க? எங்க பண்ணை, எத்தனை பண்டின்னு நான் உக்காந்து விசாரிக்கிறதா? அந்தப் பேச்சே வேணாம், எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்."

பன்றி என்றால் ஒரு முஸ்லிம் கடைக்காரர் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். மதுரனின் மூளையை நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. எந்த வார்த்தையைச் சொன்னால் இந்த மனிதர் அடுத்த கேள்வி கேட்கமாட்டார் என்று தெரிந்துதான் அவன் அந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்திருக்கிறான்.

"அந்தப் பண்டிங்க யாருன்னு தெரியுமா முதலாளி?" வினோதா தணிந்த குரலில் சொன்னாள். "பிள்ளைக்காம்பராப் புள்ளைங்க."

இஸ்ஸதீன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்று ஒரு தடவை சொன்னார்.

"ஆனா எடுத்துட்டுப் போனதை அவன் பண்டிக்குத்தான் போட்டேன்னு சாதிப்பான்," என்றாள் வினோதா தர்ஷனிடம். "காம்பராவுக்குப் போனது புதுப் பக்கெட்டுன்னு அவன் தாள்ல இருக்கு. அந்தத் தாள் நிக்கிற வரைக்கும் அம்மாக்கண்ணு தப்ப முடியாது."

கல்லாப் பக்கத்தில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண் தலையில் கைவைத்திருந்தாள். முதலாளியின் மகள் அப்ரா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள்.

"என்ன தங்கச்சி, கம்பியூட்டருக்குக் காய்ச்சலா?" தர்ஷன் பழக்கதோஷத்தில் கேட்டான்.

"கிளாஸ் ஹோம்வேர்க் அண்ணா. கடைச் சாமானை லிஸ்டுக்குள்ள லிஸ்டா எழுதணும். கடை வெளி லிஸ்ட், அதுக்குள்ள நாலு தட்டு, தட்டுக்குள்ள சாமான். நான் ரெண்டாந் தட்டுல மட்டும் சோப்பு வச்சேன். இப்ப பாருங்க, நாலு தட்டுலயும் சோப்பு. அரிசித் தட்டுலயும் சோப்பு. வாப்பா பாத்தா அடிப்பாரு."

வினோதா சட்டென்று திரும்பினாள். "மறுபடி சொல்லு. ஒண்ணுல வச்சது எப்படி நாலுக்கும் போச்சு?"

"நான் சோம்பேறித்தனம் பண்ணிட்டேன் மிஸ். நாலு தட்டுக்கு நாலு லிஸ்ட் எழுதணும். நான் ஒரு லிஸ்டை எழுதி, அதையே நாலு எடத்துலயும் சொருகிட்டேன்." அப்ரா ஒரு பிஸ்கட் டின்னை இழுத்து வைத்து, அதன்மேல் விலை ஒட்டுகிற காகிதத்தில் நாலு துண்டு ஒட்டினாள். "பாக்க நாலு பேரு. டின் ஒண்ணுதான். எந்தப் பேரைச் சொல்லிப் போட்டாலும் இதுக்குள்ளதான் விழும். எந்தப் பேரைச் சொல்லித் தொறந்தாலும் அதேதான் தெரியும். கிளாஸ் சேர் மூணு கிழமையா இதைத்தான் திட்டுறாரு. பாதிக் கிளாஸ் இதே பிழைதான்."

"உங்க கிளாஸ்ல மதுரன்னு ஒருத்தர்?"

"கடைசி வாங்குல உக்காந்திருப்பாரு. கிளாஸ் முடியும்வரை போன்தான் பாப்பாரு."

வினோதா ஐந்து தாள்களையும் கல்லாவில் பரப்பினாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. பிடி கிடைத்துவிட்டால் அது அப்படித்தான் சிவக்கும் என்று தர்ஷனுக்குத் தெரியும்.

"அவன் அஞ்சு காம்பராவைப் பதியவே இல்ல தர்ஷன். புள்ளைங்க விழுந்த பிறகு ஒரே ஒரு லிஸ்டை எழுதி அஞ்சு பேருக்கும் மாட்டியிருக்கான். அம்மாக்கண்ணுவை மாட்டிவிட மேமலையில எலியை விட்டான். எலி அஞ்சுக்கும் ஓடிருச்சு. கொப்பின்னா ஒண்ணை மாத்தினா மத்தது மாறாது. இது மாறும். எல்லார் முன்னுக்கும் அவன் கையாலயே மாத்த வைக்கணும்."

"மாத்துவானா?"

"அம்மாக்கண்ணுவுக்குக் கெடுதின்னா ஓடி வந்து மாத்துவான்."

இஸ்ஸதீன் கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். யாரும் கூப்பிடாமலே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டு மணி. துரையின் அறையில் நாலு கதிரைகள் இருந்தன. துரை உட்கார்ந்தார், மதுரன் உட்கார்ந்தான், வினோதாவையும் உட்காரச் சொன்னார்கள். நாலாவது கதிரை வெறுமையாகக் கிடக்க, அம்மாக்கண்ணு நின்றாள். அவளை உட்காரச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வாசலில் இஸ்ஸதீனோடு நின்ற தர்ஷன் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சின்ன விஷயம்," வினோதா மதுரனின் லெப்டொப்பைக் காட்டினாள். "மேமலையில சீனி பத்துக் கிலோன்னு போட்டிருக்கீங்க. காலையில நான் நிறுத்துப் பாத்தேன். ஏழுதான் இருக்கு."

மதுரனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா தொரை? சீனியும் களவு!"

"அப்போ மேமலையை மட்டும் ஏழுன்னு திருத்திடுங்க. ரெக்கோர்ட் சரியா இருக்கட்டும்."

அவன் துள்ளிக்கொண்டு தட்டினான். பத்து ஏழாயிற்று.

"நல்லது. இப்ப கீழ்மலையைக் காட்டுங்க."

திரையில் கீழ்மலை வந்தது. சீனி ஏழு.

"அடுத்தது?"

ஏழு. அதற்கடுத்ததும் ஏழு. ஐந்தாவதும் ஏழு. துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இப்போதானே மேமலையில மட்டும் திருத்தினீங்க மதுரன்? மத்த நாலு ஆயாவும் எப்போ போன் பண்ணினாங்க?"

"அது... புரோகிராம்ல ஏதோ பிழை..."

"பிழைதான். நீங்க அஞ்சு காம்பராவுக்கும் ஒரே லிஸ்டை மாட்டின பிழை. தனித்தனியாப் பதிஞ்சிருந்தா இப்படி மாறவே மாறாது. இதுல எந்த வெள்ளிக்கிழமையும் இல்ல, எந்தப் போனும் இல்ல. முதலாளி, உள்ள வாங்க. பண்டிப் பண்ணைக் கதையைச் சொல்லுங்க."

இஸ்ஸதீன் சொன்னார். துரையின் முகம் கறுத்தது. "நம்ம தோட்டத்தில எங்கடா பண்டிப் பண்ணை?"

"புதுப் பக்கெட் எங்க போச்சு?" என்றாள் வினோதா.

நுவரெலியாவில் ஒரு கடைக்கு என்று முனகினான் மதுரன். பிறகு தன்னை நியாயப்படுத்த நினைத்து ஒன்று சொன்னான்.

"திகதி போனா உடனே வெஷமாகிடுமா தொரை? கொதிக்க வச்சாக் கிருமி செத்துரும். லயத்துப் புள்ளைங்க மண்ணைத் தின்னு வளருதுங்க. அதுங்க வயித்துக்கு இதெல்லாம் பழக்கம்தானே?"

அவனும் லயத்தில் பிறந்தவன். அவனும் ஏதோ ஒரு பிள்ளைக்காம்பராவில் ஏதோ ஓர் ஆயம்மாவின் இடுப்பில் மூக்கு ஒழுக இருந்து வளர்ந்தவன். படிப்பு அவனுக்குக் கொடுத்தது அந்த வாசனைத் தைலம் மட்டும்தான் போலிருக்கிறது. தூ!

துரை தொண்டையைச் செருமினார். "சரி சரி. படிச்ச பொடியன், தெரியாமச் செஞ்சிட்டான். வெளிய போனா தோட்டத்துக்குத்தான் கெட்ட பேரு. இதை நம்மளுக்குள்ள முடிச்சிக்குவோம். அம்மாக்கண்ணு, ஒன் மேல பிழை இல்ல. திங்கக்கிழமை வேலைக்கு வந்திரு. சந்தோசம்தானே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் துரையைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த ஐந்து தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனால் அங்கிருந்த படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றாததை அவள் கேட்டாள்.

"தம்பி, மத்த நாலு காம்பராவுக்கும் எந்தப் பாலு குடுத்தீங்க?"

மதுரன் தாள்களை அடுக்கி எடுக்கப் பார்த்தான்.

"கேக்குறேன்ல? எந்தப் பாலு?"

"அதேதான். அங்க இருந்த பழைய டின் முடியட்டும்னு இருந்தேன்... நேத்துத்தான் எறக்கினேன்."

வினோதா விருட்டென்று எழுந்தாள். எலி ஐந்து காம்பராவுக்கும் ஓடியது என்று சிரித்தார்களே, பாலும் ஓடியிருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, தர்ஷனுக்கும் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால். மூன்று மணிக்குப் பால்.

தோட்டத்து ஆபிஸ் கிளாக்கர் போன் போட்டார். மூன்று காம்பராவில் எடுத்தார்கள். ஊற்றாதே, கொட்டு என்று கத்தினார். கீழ்மலையில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாக்கண்ணு அதற்குள் வாசலைத் தாண்டி ஆட்டோவில் ஏறியிருந்தாள். வினோதாவும் ஓடிவந்து ஏறினாள்.

தேயிலைக்குள் வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் தர்ஷன் இதற்குமுன் அப்படி ஓட்டியதில்லை. மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குக் கீழ்மலைப் பிள்ளைக்காம்பரா வந்தது. உள்ளே பாயில் வரிசையாகப் பதினாலு குழந்தைகள், கையில் பிளாஸ்டிக் கோப்பைகள். ஆயா கிருஷாந்தி வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தவளைக் கண்டதும் அகப்பையோடு குறுக்கே நின்றாள்.

"வெஷம் வச்சவ இங்க எதுக்கு வந்த? வெளிய போ! புள்ளைங்கள தொட்டே, கொன்னுருவேன்!"

அம்மாக்கண்ணு அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வாளியை எடுத்து வாசலில் தண்ணீர் ஓடும் கானில் கவிழ்த்தாள். திரும்பி வந்து கோப்பை கோப்பையாகப் பிடுங்கினாள். பால் பறிபோன குழந்தைகள் வீறிட்டன. கிருஷாந்தி அவள் முதுகில் அகப்பையால் ஓங்கி அடித்தாள். வினோதா பாய்ந்து கையைப் பிடிப்பதற்குள் இரண்டு அடி விழுந்துவிட்டது.

"எத்தனை புள்ள குடிச்சிச்சு?" அம்மாக்கண்ணு கேட்டாள்.

"என்னது?"

"அப்புறமா அடி. எத்தனை புள்ள குடிச்சிச்சு, சொல்லு!"

கிருஷாந்தி வாளியைப் பார்த்தாள். கானில் ஓடிய பாலில் மிதந்ததைப் பார்த்தாள். அகப்பை கீழே விழுந்தது. "மூணு," என்றாள், குரலே வராமல்.

மூன்றையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறினார்கள். கடைசியாகக் குடித்த பெண்குழந்தை அம்மாக்கண்ணுவின் மடியில் கிடந்து விக்கியது. ஆட்டோ மேட்டில் ஏறும்போது அவள் அதைக் குப்புறச் சாய்த்து, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கக்கிடு சாமி, எல்லாத்தையும் கக்கிடு," என்றாள்.

குழந்தை அவள் புடவை நனையக் கக்கியது.